எல்லோருக்கும் ஒரே அளவா?



விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் போட்டோ கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் சுருக்கித் தருகிறார்கள். அப்படிச் சுருக்கியும் முகம் கலையாமல் இருப்பது எப்படி?

வழி காட்டியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர்.ராவ். 1974 ஜனவரியில் இவர்கள் வெளியிட்ட 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்ற கணக்குதான் 1992-ல் வந்த ஜேபெக் முறைக்கு அடிப்படை. 1972-ல் அகமது இதற்காக அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

படத்தை 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கடம்பத்தூர் ஸ்டேஷனைப் படம் எடுத்தால், மேலே வெறும் வானம். அதற்குச் சில எண்களே போதும். பிளாட்பாரத்துக் கூட்டத்துக்கு நிறைய எண்கள் வேண்டும். 1977-ல் சென், ஸ்மித் என்ற இருவர் கட்டங்களை 4 வகையாகப் பிரித்து, நுணுக்கம் அதிகமுள்ள கட்டங்களுக்கு அதிக பிட்டுகள் ஒதுக்கினார்கள். இதுவே 'அடாப்டிவ்' முறை.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுல என்னடா அதிசயம்? நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற உங்கப்பாவுக்கும் உன் தங்கச்சிக்கும் ஒரே அளவாவா சோறு போடுறேன்?" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் பாடம் ஒரே வேகத்தில் ஓடும்போது என்னைப் போன்றவர்கள் திணறுகிறோம். சீனியர் அண்ணன்களே, அக்காக்களே! வகுப்பு முடிந்ததும் எங்களுக்காக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேவைப்படும் கட்டத்துக்குக் கூடுதல் பிட் கிடைத்தால்தான் முழுப் படமும் தெளியும்!