ஏரி கோடி போன வருஷம்

ஒவ்வொரு ஐப்பசியிலும் தம்பி போன் செய்வான். ஊர் மழையை விசாரிப்பான், வீட்டுக்காரரின் சர்க்கரையை விசாரிப்பான், கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்து நிற்பான். “அக்கா, நான் பொறந்தப்ப நம்ம ஏரி ரொம்பி இருந்துச்சா?”

பதில் அவனுக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை சொல்வது போலச் சொல்வேன். ரொம்பி இல்லடா, கோடியே போச்சு. ராத்திரி பூரா கலங்கல்ல தண்ணி விழுந்த சத்தம். ஆயா முட்டியளவு தண்ணியில லாந்தரப் புடிச்சிக்கினு போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தா. நீ அழுத சத்தம் கேட்டப்ப கெழக்கு இன்னும் வெளுக்கல. அப்போது எனக்கு ஏழு வயது. திண்ணையில் கோணியைப் போர்த்திக்கொண்டு கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. தம்பி என் சித்தியின் மகன்.

அவனுக்கு நாலு வயதானபோது சித்தி போய்விட்டாள். சித்தப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அம்மாவைப் பெற்ற ஆயாதான் இரண்டு வருஷம் வைத்திருந்தாள். மல்லாட்டை பறிக்கப் போனால் வரப்பில் அவன், களையெடுக்கப் போனால் புளியமரத்தடியில் அவன். எங்கள் வீட்டிலும் நாலு பிள்ளைகள். 1984 ஆனி மாதம் அப்பா ஒரு முடிவு சொன்னார். “அங்க மூணு வேள சோறு, படிப்பு. இங்க என்னா இருக்குது?” அப்பா கெட்டவர் இல்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு பாதி நாள் கூழ்தான்.

அவனைச் சேர்த்த பிள்ளைகள் இல்லத்தின் பெயர் வேண்டாம். செஞ்சிக்கு அப்பால் இரண்டு பஸ் மாற வேண்டிய ஓர் ஊர். அப்போது அதெல்லாமே தென்னாற்காடு மாவட்டம். ஆபீஸ் அறையில் படிவம் எழுதினவர் ‘அனாதை’ என்று எழுதியதை நான்தான் ஆயாவுக்குப் படித்துச் சொன்னேன். “நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கறப்ப அது எப்பிடிடி அனாதை?” என்றாள், மெதுவாக, அவருக்குக் கேட்காத குரலில். பிறந்த தேதி கேட்டார்கள். ஏரி கோடி போன வருஷம், ஐப்பசி, தேய்பிறை என்றாள். அவர் 1977 ஜூனில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். திரும்பும்போது வார்டனின் கையைப் பிடித்து ஆயா சொன்னது ஒரே வார்த்தை: “பாத்துக்கோங்கம்மா.”

பார்த்துக்கொள்வது. பிள்ளை வளர்ப்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இதுதான். சோறு போடுவது, துணி எடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் சொல் என்னவோ கண்ணைத்தான் குறிக்கிறது.

எங்கள் ஊர் பனமலை. குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். தாளம் என்றால் பனை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்தது. அங்கே ஒரு சிற்றறைச் சுவரில் உமை ஓவியம் இருக்கிறது. மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் நிலை, சரிந்த தலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்க்கத்தான் படியேறுகிறார்கள். அவள் சும்மா நிற்கவில்லை. பக்கத்துச் சுவரில் சிவன் ஆடுகிறார், அவள் பார்க்கிறாள். ஆடுகிறவர் கோடுகளாகத் தேய்ந்து போய்விட்டார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சுண்ணமும் வண்ணமும் உதிர்ந்த பிறகு பார்க்கிறவளின் முகம் மிஞ்சியிருக்கிறது.

சின்ன வயதில் தம்பியும் நானும் அந்தப் பாறைச் சரிவில்தான் விளையாடுவோம். அவன் குட்டிக்கரணம் போடுவான். போடுவதற்கு முன்னால் மூன்று தடவை கத்துவான்: “என்னப் பாரு! என்னப் பாரு! அக்கா, இங்க பாரு!” நான் ஏரிப் பக்கம் திரும்பியிருந்தால் போட மாட்டான். பார்க்க ஆள் இல்லாத குட்டிக்கரணம் அவனுக்குக் குட்டிக்கரணமே இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். ஆயா முதல் நாளே முறுக்கு சுட்டுவிடுவாள். தை மாதமென்றால் பனங்கிழங்கு. கிழங்குப் பாத்தியைத் தோண்டி, மண் கழுவி, மஞ்சள் போட்டு அவித்து, நாரைக் கிழித்து ஒடித்துக் கட்டிக்கொள்வாள். வாசலிலேயே பையை வாங்கிக்கொள்வார்கள். எல்லாருக்கும் பொது என்பது அங்கே விதி. அறுபது பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் பலகாரம் வந்தால் மற்றவர்களின் கண் ஏங்கும், அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆயா ஒடித்த கிழங்கில் ஒரு துண்டுகூட அவன் கைக்கு வந்ததில்லை என்பதை அவன் ஆளான பிறகு சொன்னான். சட்டைக் காலரில் கறுப்பு நூலால் 37 என்று தைத்திருந்தார்கள். முதல் வருஷம் அதைத் தடவிக்கொண்டே பேசுவான். இரண்டாவது வருஷம் எங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, நடந்து வந்தான். மூன்றாவது வருஷம், இன்னொருத்தன் வந்து தோளைத் தட்டிச் சொல்கிற வரைக்கும் கேரம் பலகையை விட்டு எழவில்லை. ‘பையன் செட்டாயிட்டான்’ என்று வார்டன் சந்தோஷமாகச் சொன்னார். ஆயா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வார்டனையும் மறுபடி நாங்கள் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஒன்பது பேர் மாறினார்களாம், தம்பி கணக்கு வைத்திருக்கிறான். ஒவ்வொருவரையும் ‘அம்மா’ என்று கூப்பிடச் சொன்னார்கள். நாலாவது அம்மா நல்லவள், காய்ச்சலில் மடியில் படுக்க வைத்துக்கொண்டாள், அவளும் கல்யாணமாகிப் போனாள். அதற்குப் பிறகு வந்தவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளவே இல்லை என்றான்.

ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்தபோது அங்கிருந்த பெரிய காப்பகங்களை உலகம் பார்த்தது. வரிசை வரிசையாகத் தொட்டில், அழக்கூட மறந்த குழந்தைகள். பின்னால் 2000-ல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டு இரு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனது, மறு பாதி வழக்கம்போலக் காப்பகத்தில். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவும் ஒட்டுதலும் தேறின. இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். படித்தபோது எனக்கு வந்தது ஆயாவின் நினைப்புத்தான். ஆராய்ச்சி இல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது, கையில் காசுதான் இல்லை.

நம் புராணமும் இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறது. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள், வளர்க்க வந்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பிள்ளைக்கு ஒருத்தி. பெற்றவள் வந்து அள்ளி அணைத்த பிறகும் வளர்த்தவர்களின் பெயரில் அவனைக் கார்த்திகேயன் என்கிறோம். சங்கப் பாட்டில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். மகள் காதலனோடு போய்விட்டால், பாலை வழியில் எதிரே வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப் போகிறவள் செவிலி. தேடிப் போகிறவள் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பிறகு வருகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இல்லத்தை உருவாக்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901-ல் பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கினார். கோயிலிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி முதலில். அவரைப் பிள்ளைகள் ‘அம்மா’ என்றார்கள். வளர்க்கும் தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’, வெளிநாட்டுப் பெண்கள் ‘சித்தி’. மதம் மாற்றினார் என்ற குறை அவர் மேல் உண்டு, அது வேறு விவாதம். எனக்கு முக்கியம், அவர் 1951-ல் சாகிறவரை அங்கேயே இருந்தார் என்பது. இந்தியாவுக்கு வந்த பிறகு ஒரு தடவைகூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. சித்தி என்றால் சித்தியாகவே இருந்துவிட வேண்டும், மூன்று மாத ஒப்பந்தத்தில் சித்தியாக முடியாது.

ஒரு தடவை திருக்கோவிலூரில் பஸ் தவறி, பெண்ணையாற்றங்கரையில் ஆயாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஆற்றுக்குள் கபிலர் குன்று. பாரி செத்த பிறகு அவனுடைய இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், இருவரும் ஏற்கவில்லை. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. தமிழ் வாத்தியார் இதை நட்புக்கு உதாரணமாக நடத்தினார். ஊர் ஊராகக் கூட்டிப் போகப்பட்டு, வாசலில் நின்று, வேண்டாம் என்ற சொல்லைக் காதால் கேட்ட அந்தப் பெண்களைப் பற்றி வகுப்பில் யாரும் பேசவில்லை. அவர்கள் பாடிய ஒரே ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அடைக்கலம் தேடிப் போன வாசல்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தந்தையும் மலையும்தான் இருக்கிறார்கள். தம்பியும் அப்படித்தான். எங்களைப் பார்த்ததும் கேட்பது சோற்றைப் பற்றி அல்ல. மலை மேல் படி கட்டிட்டாங்களா, ஏரியில் தண்ணி இருக்குதா, நம்ம வெள்ளாடு குட்டி போட்டுச்சா.

எழுதும்போதே ஒன்று தொண்டையில் நிற்கிறது, சொல்லிவிடுகிறேன். என் மகனின் முதல் பிறந்தநாளுக்கு நானும் ஓர் இல்லத்தில் பிரியாணி போட்டேன். தம்பி இருந்த இடம் இல்லை, வேறு. பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல், முன்பின் தெரியாத என் மகனுக்காகப் பாட்டுப் பாடினார்கள். போட்டோ எடுத்தோம். கிளம்பும்போது ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்து, “நாளைக்கும் வருவீங்களா?” என்றாள். வருவேன் என்றேன். போகவில்லை. பதினோரு வருஷம் தம்பியைப் பார்க்கப் போய் வந்தவள் நான், எனக்கே அது உறைக்கவில்லை. இல்லத்துப் பிள்ளைக்கு வந்து போகிறவர்களுக்குக் குறைவில்லை, திரும்பி வருகிறவர்கள்தான் குறைவு. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அரசு தொடங்கிய அன்னை சத்யா காப்பகத்தில் அன்றைய ஆட்சியர் ராதாகிருஷ்ணனைப் பிள்ளைகள் அப்பா என்றார்கள். மாற்றலாகிப் போன பின்னும் பல வருஷம் அவர் தேடி வந்துகொண்டிருந்தார் என்று படித்தபோது, அந்த முந்தானையை இழுத்த கை ஞாபகம் வந்தது.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். இங்கு மட்டுமல்ல, உலகம் முழுக்க. பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் வறுமை. ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன: ஏழ்மை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்காதே. நம் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. 2021-ல் கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000. 2025 செப்டம்பரில் வந்த தமிழக அரசின் ‘அன்புக்கரங்கள்’ 18 வயதுவரை மாதம் 2,000 தருகிறது. பேப்பரில் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1984-ல் அந்தக் காலத்துக் கணக்குக்கு ஒரு ஐம்பது ரூபாய் மாதாமாதம் ஆயாவின் கைக்கு வந்திருந்தால் அந்தப் படிவமே எழுதியிருக்க மாட்டார்கள். இன்றும் எத்தனை ஆயாக்களுக்குச் சான்றிதழ் இல்லாமல், ஆதாரில் பெயர் ஒட்டாமல் அந்தப் பணம் வாசலோடு நிற்கிறதோ என்ற கவலை எனக்கு. வட்டாட்சியர் ஆபீஸ் வாசலில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் உடன் போய் உட்கார்ந்துகொள்கிறேன். படிவத்தை நானே நிரப்புகிறேன்.

1995 ஜூனில் தம்பிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி. உண்மையில் அவனுக்குப் பதினெட்டு முடிய ஐப்பசி வரை இருந்தது. ஐடிஐ சேர்க்கை முடிகிற வரைக்குமாவது இருக்கலாமா என்று கேட்டானாம், ஏட்டில் இருப்பதுதான் கணக்கு என்றார்களாம். இன்றைய சட்டத்தில் பதினெட்டுக்கு மேலும் 21 வரை கைகொடுக்க வழி உண்டு. அன்று ஒரு தகரப் பெட்டியும் இரண்டு செட் துணியும். ஆயா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் கல்யாணமாகித் திண்டிவனத்தில். பனமலைக்குப் பஸ் ஏறி வந்தவன், பூட்டிக் கிடந்த ஆயா வீட்டுத் திண்ணையில் இரண்டு ராத்திரி படுத்திருந்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். எனக்குத் தகவல் வந்தபோது ஒரு வாரம் ஆகிவிட்டது. வழியில் கண்டவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப் போக ஒரு செவிலி இல்லை. நான் போயிருக்க வேண்டும். கைக்குழந்தை, மாமியார், காசு என்று காரணங்கள் இருந்தன. நாலு வருஷம் கழித்து அவனே என்னைக் கண்டுபிடித்தான். வாசலில் நின்று நலம்கூட விசாரிக்காமல் கேட்டான்: “அக்கா, என் நெஜப் பொறந்த நாளு என்னிக்கு?” உனக்குத்தான் அது தெரியும் என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். முட்டியில் இருக்கும் தழும்பு எந்தப் பாறையில் பட்டது, அம்மை போட்டபோது என்ன முனகினான், சித்தி அவனை என்ன செல்லப்பேர் வைத்துக் கூப்பிட்டாள், எல்லாம் ராத்திரி முழுக்கக் கேட்டான். அவனைப் பற்றி அவனுக்கு இல்லாத ஆறு வருஷம் என்னிடம் இருந்தது.

இப்போது எலக்ட்ரீஷியன். பெருங்களத்தூரில் வாடகை வீடு, மனைவி, பத்து வயதில் ஒரு பெண். போன தை மாதம் மூவரும் வந்திருந்தார்கள். மலைக்கு ஏறினோம். உள்ளே அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கீழே ஏரி, வெயிலில் தகடு போல. ஆயா வீட்டுப் பனங்கிழங்கு என்று நான் கட்டிக்கொண்டு போயிருந்ததை அவன் யாருக்கும் கொடுக்காமல் ஒவ்வொரு நாராகக் கிழித்துத் தின்றான். மகள் கேட்டபோது மட்டும் பாதி ஒடித்துக் கொடுத்தான். அவள் பாறைச் சரிவுக்கு ஓடினாள். “அப்பா, இங்க பாரு!” கையை ஊன்றிச் சக்கரம் சுற்றினாள். மனைவி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், அவன் திரும்பவே இல்லை. அவள் சுற்றி முடித்து, விழுந்து, எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு வருகிற வரை பார்த்தபடியே நின்றான்.

அவள் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏரியைக் கை காட்டினாள்.

“அத்தை, எங்கப்பா பொறந்தப்ப இது ரொம்பி இருந்துச்சா?”

“ரொம்பி இல்லடி,” என்றேன். “கோடியே போச்சு. ராத்திரி பூரா கலங்கல்ல தண்ணி விழுந்த சத்தம்...”

தம்பி கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.