கறளைத் தட்டிப் பார்க்கிறவர்

ரொறொன்ரோவிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் மிண்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் அங்குள்ள கண்காட்சித் திடலில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்து, அந்த ஐஸின்மேல் கார்ப் பந்தயம் விடுகிறார்கள். "அதுக்குக் கார் ஆயத்தம் பண்ணிக் குடுக்கிற ஆள் யாழ்ப்பாணத்தார், வாரும் காட்டுறன்" என்று நண்பர் என்னை ஸ்காபரோவில் ஒரு கராஜுக்குக் கூட்டிப்போனார். தன் பெயர் போட வேண்டாம் என்றார் கராஜ்காரர். எல்லோரும் கூப்பிடுவதுபோல் அண்ணை என்றே எழுதுகிறேன்.

பந்தயக் கார் என்றதும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்டேன். "எஞ்சினை விடும் தம்பி, கறளைப் பாரும்" என்றார். கறள் என்றால் துரு. ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுவார்கள். அது காரைக் கீழிருந்து தின்னும். முற்றத்தில் ஒரு பழைய சிவிக் நின்றது. அண்ணை குந்தியிருந்து, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை ஸ்க்ரூட்ரைவரின் பிடியால், தேங்காய் வாங்குகிறவர்போலத் தட்டிக்கொண்டே போனார். 'ணங், ணங்' என்ற சத்தம் பின்சில்லுக்குக் கிட்ட 'தொப்' என்றது. ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பிக் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போனது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. அடுத்து ஷொக் அப்சோபரின் மேல்முனை பொருந்தும் இடம், பிரேக் குழாய்கள். எஞ்சின் கெட்டால் மாற்றலாம். பாதுகாப்புக் கூண்டைப் பற்றவைக்க நல்ல இரும்பு இல்லையென்றால் அந்தக் காரால் பயனில்லை.

அவர் தேடுவது முன்சில்லில் ஓடும் சின்னக் கார்கள்: சிவிக், கோல்ஃப். எஞ்சினின் பாரம் இழுக்கிற சில்லின் மேலேயே அமுக்குவதால் ஐஸில் அவை நகரும். உதிரிப் பாகமும் மலிவு. வீதிக்கான 'சேஃப்டி' பரிசோதனையில் தேறாத கார்களும் இதற்கு உதவும். ஆனால் மலிவு என்பது அண்ணைக்கு இல்லை. பல கார் ஏலங்களுக்குள் உரிமம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே போக முடியும். இரும்பு விலைக்கு எடுத்த காரைக் கழுவி, கறளின்மேல் கறுப்பு மைபூசி, இரட்டிப்பு விலைக்குத் தள்ளுகிறார்கள். அதே மைபூசிய கார்தான் புதிதாக வந்த பிள்ளை வேலைக்குப் போக வாங்கும் காரும். அடியில் படுத்துக் கறள் சுரண்டுகிறவனுக்கு மணிக்கூலி. காரை ஒருநாளும் தூக்கிப் பார்க்காதவனுக்கு லாபம். இதற்கு வியாபாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அண்ணை தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், 1990-க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் கிடையாது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். "அங்க பெற்றோல் இல்லை, இங்க பிடி இல்லை" என்று சிரித்தார்.

அந்தப் பிடி டயரில் இருக்கிறது. ஆணி வைத்த டயருக்குத் தனிப் பிரிவு. தென் ஒன்ராறியோ வீதிகளில் ஆணி டயருக்குத் தடை என்பதால், அதை ட்ரெய்லரில் ஏற்றிப்போய்த் திடலில் மாட்டுகிறார்கள். அண்ணைக்குப் பிடித்தது ஆணியில்லாத பிரிவு. ஐஸ் வழுக்குவது அதன் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தால். பூச்சியத்தை ஒட்டிய நாளில் கார் சும்மா மிதக்கும். மைனஸ் இருபதில் நன்றாகவே பிடிக்கும். ப்ளிஸாக் போன்ற டயரின் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, அவை அந்த நீரை உறிஞ்சும்.

புது டயரை முன்னுக்கும் தேய்ந்ததைப் பின்னுக்கும் போடுகிறார். பின் ஸ்பிரிங்கை இறுக்கி, முன்பக்கத்து அன்ரி-ரோல் பாரைக் கழற்றிவிடுகிறார். ஏனென்றால் முன்சில்லு இழுக்கும் கார் ஐஸில் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் வழுக்கினால்தான் மூக்கு திரும்பும். ஏபிஎஸ்ஸின் ஃபியூஸையும் பிடுங்கிவிடுவார். இடது காலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வாலை ஆட்ட வேண்டும். (வீதியில் இது உயிருக்கு உலை. அங்கே நல்ல டயர் பின்னுக்குத்தான்.) சில்லுகளின் சாய்வுக் கோணங்களைப் பற்றி அவர் அரை மணிநேரம் சொன்னது எனக்கு ஏறவில்லை, விட்டுவிடுகிறேன்.

சீட், கார்பெட், கதவுத் தகடு எல்லாவற்றையும் கழற்றுகிறவர் ஹீட்டரில் மட்டும் கை வைப்பதில்லை. ஓட்டுகிறவரின் மூச்சே கண்ணாடியை மூடிவிடும். முன்னுக்குப் போகிற கார் கிளப்பும் பனித்தூள் ரேடியேட்டரை அடைக்க, அந்தக் குளிரிலும் எஞ்சின் கொதித்துப்போவதுண்டு. ரிம்முக்குள் பனி இறுகினால் கார் நடுங்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சுரண்ட வேண்டும்.

இந்த நாட்டில் பழைய கார் வாங்கப்போகிறவர்களுக்கு அண்ணை சொன்னது: காரை ஹொயிஸ்டில் தூக்கி அடியைப் பாருங்கள். விற்கிறவர் மறுத்தால் காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.