ஏரிச் சேற்றில் உறங்கும் உயிர்கள்

அல்சூர் ஏரிக்கரையில் நாள்தோறும் உலாவச் செல்லும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். அவர்கள் அங்கே காண்பன நீர்ப்பறவைகளும் படகுகளும். நாம் முப்பதாண்டுக் காலம் அந்நீரிலும் இந்நகரத்தின் பிற ஏரிகளிலும் தேடியவை வேறு. நண்டுக்கும் இறாலுக்கும் உறவான, எள்ளினும் சிறிய நீர்த்தெள்ளு முதலிய உயிர்களே அவை.

“இதற்குக்கூடவா சம்பளம் தருகிறார்கள், மாப்பிள்ளை?” என்று நம் மாமனார் ஒருமுறை வினவினார். கல்லூரியில் விலங்கியல் கற்பித்தமைக்குத்தான் சம்பளம். வலையும் புட்டியுமாக ஏரி ஏரியாய் அலைந்தது பெரும்பாலும் நம் கைப்பொருளில்தான்.

நீர்த்தெள்ளை நுண்ணோக்கியில் ஒருமுறை கண்டவர் மறவார். உடல் கண்ணாடி போன்றது. இதயம் துடிப்பதும், முதுகுப்பையில் முட்டைகள் இருப்பதும் வெளியிலிருந்தே தெரியும். நீரிலுள்ள நுண்பாசியை வடித்து உண்டு, தான் மீனுக்கு இரையாகும். நீரில் பிராணவாயு குறைந்தால் இவ்வினத்தில் சில ஹீமோகுளோபினை மிகுதியாக உண்டாக்கிச் செந்நிறம் பெறும். சாக்கடை கலந்த குட்டையில் செம்மை படர்ந்தால் காரணம் இவையாகவும் இருக்கலாம்.

இவற்றினும் வியப்புக்குரியது இவற்றின் முட்டை. நீர் வற்றுங்கால் தடித்த உறையிட்ட முட்டைகளை இவை சேற்றில் விடுகின்றன. கோடையில் வெடித்துக் காய்ந்தாலும் அவை சாவதில்லை. நார்வே நாட்டு அறிஞர் சார்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றை நீரிலிட்டு வளர்த்த உயிர்களை 1885-ஆம் ஆண்டில் விவரித்தெழுதினார். அமெரிக்க ஏரியொன்றின் அடிச்சேற்றில் ஏறத்தாழ 700 ஆண்டு கிடந்த முட்டைகள் பொரித்ததாக 2014-இல் ஆய்வுரை வெளிவந்தது.

பெங்களூருக்குப் பேராறு இல்லை. கரைகட்டித் தேக்கிய ஏரிகளே இதனை வளர்த்தன. தர்மாம்புதி ஏரி இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியிருந்த இடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம். நீர் போயிற்று என்று வருந்துவோர் உண்டு; வித்தும் போயிற்றே என்று வருந்துவோரைக் காண்பதரிது. எஞ்சிய ஏரிகளைச் சீரமைக்கும்போதும் பெரும் இயந்திரங்கள் அடிவரை வழித்தெடுக்கின்றன. கழிவு படிந்த சேற்றை அகற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் நம் முன்னோர் வயலுக்கு வண்டல் எடுத்தபோது இங்கொன்றும் அங்கொன்றுமாகவே வெட்டினர். மாசில்லாத மூலையொன்றையேனும் விட்டுவைப்பதில் தவறென்ன?

இத்துறையில் நம்மவர் பிந்தியவர் அல்லர். எஸ். வி. கணபதி, பாசி நீங்காத கோயில் திருக்குளம் ஒன்றை ஆராய்ந்து 1940-இல் எழுதினார். மிதவையுயிர் மலிந்த தோட்டக்குளம் பற்றிய அவரது 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஏற்று வெளியிட்டது, சர் சி. வி. இராமன் 1934-இல் இதே பெங்களூரில் நிறுவிய அறிவியல் கழகத்தின் ஏடு. எவரும் கைகால் கழுவிச் செல்லும் குளங்கள்தாம் அவை! ஆர். ஜார்ஜ் மைக்கேலின் நன்னீர் உயிர்க் கையேடு 1973-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இந்திய நீர்த்தெள்ளினங்களைப் பற்றி அவரும் பி. கே. சர்மாவும் எழுதிய 1988-ஆம் ஆண்டு நூல், முதுகுத்தையல் விட்ட நிலையில் இன்றும் நம் மேசைமீதுள்ளது.

காலிலுள்ள மயிர்களை எண்ணி இனம் பிரித்துப் பெயர் சொல்லும் வேலை இது. கண்ணும் பொறுமையும் வேண்டும். பணியின் இறுதியாண்டுகளில் இதற்கென வந்த மாணவர் இருவர். ஒருவர் கணினி நிறுவனம் புகுந்தார். மற்றவர் மணமாகி வெளிநாடு சென்றார். பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளை இதற்காகக் கடிய நமக்கு மனமில்லை.

ஓய்வு பெற்றபோது சேற்றுப் புட்டிகள் சிலவற்றை வீட்டுக்கு எடுத்து வந்தோம். அவற்றுள் ஒன்று, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட ஏரியொன்றில் 1998-இல் அள்ளி உலர்த்தியது. சென்ற திங்கள் அதில் சிறிதெடுத்து மூன்று கிண்ணங்களில் மழைநீர் வார்த்து மாடியில் வைத்தோம். இரண்டில் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதில் ஐந்தாம் நாள் காலை, புள்ளிபோல் நாலைந்து துள்ளின. என்ன இனமென்று இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை; மயிர்களை எண்ண நம் கண் இப்போது இடங்கொடுப்பதில்லை. சங்க அன்பர்களின் பிள்ளைகளுள் எவரேனும் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால், நுண்ணோக்கியைத் துடைத்து வைத்திருப்போம்.