எண்ணெய்மேல் போட்ட பழி

சென்ற விடுமுறையில் என் தங்கை மகன் வந்திருந்தான். பொறியியல் படிப்பவன். எங்கள் நிபோங் திபாலை ஒட்டி, டிரான்ஸ்கிரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமே 2001 முதல் இருக்கிறது. இவனோ தெற்கே போய்ப் படிக்கிறான். அவனும் நண்பர் நால்வரும் சேர்ந்து ஓர் ஒற்றை உருளை இயந்திரத்தைத் தாங்களாகவே கட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான்காம் முறை ஓட்டியபோது பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்தப் பிஸ்டனைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டு வந்திருந்தான்.

"மாமா, ஐந்தாவது முறை நன்றாக ஓடிவிட்டது. அறிக்கையில் அதை மட்டும் எழுதினால் போதாதா? இந்த நான்காவதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை" என்றான்.

நான் வாயால் விடை சொல்லவில்லை. முன்னறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த உலோகத் துண்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். பிறை வடிவாக வளைந்த பேரிங் ஓடு அது. உட்புறத்தில் ஆழமான கீறல்கள். அதன் கதையைக் கேட்டுவிட்டு அவன் பிஸ்டனை மீண்டும் பொதிந்து எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் பெயருக்கு அடர்ந்த நிபோங் மரங்கள் என்று பொருள். நிபோங் பனையின் குலத்தைச் சேர்ந்தது, உடலெல்லாம் முள். உப்புத் தண்ணீரில் எளிதில் உளுத்துப்போகாது என்பதால் கடலில் மீன் பிடிக்கக் கம்பு நடுவோர் அதைத்தான் தேடுவர். ஊரை அணைத்துக் கிரியான் ஆறு ஓடுகிறது. தெற்கே பேராக் மாநிலம். மேற்கே ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், இப்போது செம்பனை. கரும்புக் காலத்திலேயே நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்துவிட்டார்கள். என் தந்தையார் ஒரு தோட்டத்தின் இயந்திரக் கொட்டகையில் வேலை பார்த்தவர். டீசல் இயந்திரம் ஓடும் ஓசையிலேயே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். அந்த ஓசைக்குத் தூங்கிப் பழகிய பிள்ளை நான். அதனால் பட்டறைத் தொழிலுக்குப் போனதில் வியப்பொன்றுமில்லை.

1983 இல் ஆற்றங்கரையை ஒட்டி எனக்கென்று ஒரு சிறு பட்டறை இருந்தது. வயது இருபத்தேழு. கை சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரே பின்னால் எனக்கு எமனாக வந்தது. மலாய் மீனவர் ஒருவர் தம் படகின் இயந்திரத்தைக் கொண்டு வந்தார். ஊரார் அவரைப் 'பாக்சிக்' என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். மூன்று உருளைகள் கொண்ட டீசல் இயந்திரம். கிராங்குத் தண்டு தேய்ந்திருந்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்து வந்தேன். அதற்கேற்ற அளவில் புதுப் பேரிங் போட்டேன்.

தொழில் அறியாத அன்பர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராங்குத் தண்டின் உள்ளே எண்ணெய் ஓடுவதற்கென்று மெல்லிய துளைகள் உண்டு. சாணை பிடிக்கும்போது கல்லின் பொடியும் இரும்பின் பொடியும் அத்துளைகளுக்குள் புகுந்துவிடும். துளையை அடைத்திருக்கும் திருகுகளைக் கழற்றி, கம்பித் தூரிகை விட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறகே காற்று அடிக்க வேண்டும். நான் காற்று மட்டும் அடித்தேன். திருகுகள் இறுகிப் போயிருந்தன. மீனவரோ மறுநாள் நீரோட்டம் நல்லது என்று வாசலில் காத்திருந்தார். அரைமணி நேர வேலை அது.

படகு அதிகாலையில் புறப்பட்டுப் போயிற்று. பாக்சிக்கும் பதினான்கு வயது மகனும் அதில் இருந்தார்கள். ஆற்றுமுகத்தைத் தாண்டி வெகுதூரம் போனபின், பிற்பகலில், இயந்திரம் ஒரு முறை கதறிவிட்டு நின்றுபோயிற்று. அன்றிரவு முழுதும் தந்தையும் மகனும் நீரிணையில் மிதந்தார்கள். மழையும் இருந்தது. கப்பல்கள் போகும் வழி அது. விளக்கை ஆட்டிக்கொண்டே விடிய வைத்திருக்கிறார்கள். மறுநாள் முற்பகலில் வேறொரு படகு இழுத்து வந்தது.

இயந்திரத்தைப் பிரித்தேன். நடு உருளையின் பேரிங் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டைப் புரட்டிப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கீறல்கள் எல்லாம் தண்டின் எண்ணெய்த் துளை வந்து நிற்கும் இடத்துக்கு நேராகவே இருந்தன. எண்ணெய் கெட்டிருந்தால் எல்லாப் பேரிங்குகளும் வாடியிருக்கும். மற்றவை புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தன. எண்ணெய் வடிகட்டியிலும் குற்றமில்லை. வடிகட்டியைக் கடந்த பின்புதானே கிராங்கின் துளை வருகிறது? நான் கழுவாமல் விட்ட பொடிதான் வந்திருக்கிறது. இயந்திரம் தன் சாட்சியத்தை எழுதியே வைத்திருந்தது. படிக்கத் தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான்.

பாக்சிக் திண்ணையில் அமர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் என் உதவியாளன் நின்றான். "எண்ணெய் சரியில்லை, பாக்சிக். கலப்பட எண்ணெயாக இருக்கும்" என்றேன். அவர் மெல்லத் தலையசைத்தார். மீண்டும் ஒரு முறை கூலி கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். இம்முறை திருகுகளைக் கழற்றிக் கழுவினேன், யாரும் பார்க்காதபோது. அந்த ஓட்டை மட்டும் எறிய மனம் வரவில்லை. கருவிப் பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து என் உதவியாளன் சுங்கை பக்காப்பில் தனியாகப் பட்டறை வைத்திருந்தான். ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்தான். வாடகை லாரி ஒன்றின் இயந்திரத்தைக் கட்டிக் கொடுத்தானாம். ஒரு வாரத்தில் சிக்கிக்கொண்டதாம். பேரிங்கை என்னிடம் காட்டினான். அதே கீறல், அதே இடம். "எண்ணெய்தான் காரணம், அண்ணே. அன்றைக்குப் பாக்சிக் படகுக்கு ஆனதுபோலவே" என்றான். என் பொய்யை எனக்கே திருப்பிச் சொன்னான், மெய்யென நம்பிச் சொன்னான். அன்றைக்காவது வாய் திறந்திருக்கலாம். "தண்டின் துளைகளையும் கழுவிப் பார்" என்று மட்டும், ஏதோ பொது அறிவுரைபோல், சொல்லி அனுப்பினேன். லாரிக்காரருக்குக் கொடுத்த நட்ட ஈட்டோடு அவன் பட்டறை மூடப்பட்டது.

தோல்வியை ஒப்புக்கொண்ட பெரியவர்களின் கதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1979 ஆகஸ்ட் 10 ஆம் நாள் இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தது. அப்போது விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த சதீஷ் தவான் தாமே செய்தியாளர் முன் நின்று பொறுப்பேற்றதையும், 1980 ஜூலையில் வெற்றி கிட்டியபோது தம்மைப் பேசச் சொன்னதையும் அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அழகான கதைதான். ஆனால் பட்டறைக்காரனாகிய எனக்கு அதைவிட நெஞ்சைத் தொட்டது வேறொன்று.

2010 ஏப்ரல் 15 ஆம் நாள் ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் இந்தியாவிலேயே கட்டிய கிரையோஜெனிக் இயந்திரத்தோடு முதன்முதலாகப் புறப்பட்டது. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்காகச் சோதித்து உருவாக்கிய இயந்திரம். பூச்சியத்துக்குக் கீழே 253 பாகையில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜன் அதன் எரிபொருள். ஏவுகலம் கடலில் விழுந்தது. மூன்று மாதங்களுக்குள் ஆய்வு முடிந்து, முடிவை ஊரறியச் சொன்னார்கள். தமிழ் நாளிதழில் நான்கு வரிச் செய்தியாக அதைப் பார்த்தேன். முழு விவரத்தையும் ஆசிரிய நண்பர் ஒருவர் ஆங்கிலத்திலிருந்து எனக்குப் படித்துச் சொன்னார்.

இயந்திரம் பற்றிக்கொண்டது உண்மை, 2.2 விநாடி வரை எல்லாம் சரி. எரிபொருளை உந்திக் கொடுக்கும் சிறு பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை எட்டியிருக்கிறது. பிறகு வேகம் குறைந்து நின்றுவிட்டது. காரணமாக இரண்டைச் சொன்னார்கள். ஏதேனும் ஓர் அடைப்பான் இருக்குமிடத்தில் சுழலி கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கலாம். அல்லது அழுத்தமும் வெப்ப மாறுபாடும் மிகுந்து டர்பைனின் கூடு பிளந்திருக்கலாம். இன்னதுதான் என்று அறுதியிட முடியாததையும் மறைக்கவில்லை.

'கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கலாம்' என்று நண்பர் படித்தபோது என் கை கருவிப் பெட்டியைத் தேடியது. நாடே பார்த்துக்கொண்டிருக்க, கோடிக்கணக்கில் செலவழித்தவர்கள், சுற்றுக் கணக்கோடும் விநாடிக் கணக்கோடும் தங்கள் இயந்திரம் நின்ற கதையைச் சொல்கிறார்கள். என் மூன்று உருளைக் கதையோ இருபத்தேழு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. பொறுப்பு என்னுடையது என்று தலைகுனிவது ஒரு பண்பு. எந்தத் திருகைக் கழற்றவில்லை என்று சொல்வது வேறு. அடுத்தவனின் இயந்திரத்தைக் காப்பாற்றுவது அந்த இரண்டாவதுதான். அந்த ஏவுகலத்தின் பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 2013 ஆகஸ்டில் புறப்பட 74 நிமிடங்கள் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவைக் கண்டு நிறுத்தினார்கள், 2014 ஜனவரி 5 ஆம் நாள் அதே கிரையோஜெனிக் வகை இயந்திரம் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

டீசல் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த ருடால்ப் டீசலும் இவ்வகையினரே. 1893 இல், அதுவும் ஆகஸ்டு 10 ஆம் நாளே, ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய முதல் இயந்திரத்தில் தீப்பற்றியபோது அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. மறு ஆண்டு பிப்ரவரியில் அது ஏறக்குறைய ஒரு நிமிடம் தானே ஓடிற்று. 1897 இல்தான் உலகம் ஏற்கும் சோதனை நிறைவேறியது. அந்த ஆண்டுகளில் பட்ட அடிகளையெல்லாம் 1913 இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். தோட்டத்துக் கொட்டகையில் என் தந்தையார் ஓட்டிய இயந்திரத்துக்குப் பின்னால் அத்தனை உடைந்த துண்டுகள் இருந்தன என்பது எனக்கு மிகப் பின்னால் தெரிந்தது.

அந்த ஆண்டே பாக்சிக்கின் வீட்டுக்குப் போனேன். அவர் 2004 இலேயே காலமாகிவிட்டார். படகை இப்போது மகன் ஓட்டுகிறார். அன்றிரவு விளக்கை ஆட்டிய அதே பிள்ளை. பேரிங் ஓட்டை அவர் முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்பா உங்களை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எண்ணெய் விற்றவரைத்தான் சாகும்வரை மன்னிக்கவில்லை" என்றார்.

அதுவரை அந்த எண்ணெயை விற்றவர் ஒருவர் இருந்தார் என்பதே என் நினைவில் எழவில்லை! இருபத்தேழு ஆண்டுகளாகப் பழியை ஒரு பொருளின்மேல் போட்டதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரிய சாலையில் கயிறும் வலையும் எண்ணெயும் விற்ற தமிழ் முஸ்லிம் பெரியவர் அவர். கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள, எண்பதைத் தொட்ட வயதில் உள்கட்டில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். "பாய், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார். பேத்தியை அழைத்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"அவரும் நானும் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள், தம்பி. அதற்குப் பிறகு அவர் என் வாசலில் நின்றதில்லை. எனக்கே ஐயம் வந்துவிட்டது. வாங்கிய இடத்தில் கலந்துவிட்டார்களோ, நான் கவனிக்கவில்லையோ என்று. அந்தப் பீப்பாயில் பாதிக்குமேல் இருந்தது. மற்றவர் இயந்திரமும் கெட வேண்டாம் என்று அத்தனையையும் அப்புறப்படுத்திவிட்டேன்."

நான் என்ன சொல்வது? ஓட்டை எடுத்து நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். சன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டை விரலால் அந்தக் கீறல்களை மெல்லத் தடவினார்.

"இது எண்ணெய் இல்லையே, தம்பி. மணல் மாதிரி எதுவோ அல்லவா கீறியிருக்கிறது?" என்றார்.

"ஆமாம், பாய்" என்றேன்.