குப்பையை வரவேற்கும் ஊர்

பிலடெல்பியாவிலிருந்து புகையிரதத்தில் போனால், டெலாவெயர் ஆற்றைக் கடக்கும்போதே ட்ரென்டன் தன்னை அறிமுகம் செய்துவிடும். பக்கத்துப் பாலத்தில் ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துகள்: 'ட்ரென்டன் செய்கிறது, உலகம் எடுத்துக்கொள்கிறது.' கம்பிவடமும் பீங்கானும் றப்பரும் செய்து விற்ற காலத்துப் பெருமை அது. நியூஜேர்சி மாநிலத் தலைநகரில் அந்தத் தொழிற்சாலைகள் இன்று அடங்கிவிட்டன. ஆனால் உலகம் எறிவதைச் சேர்க்கும் கம்பனியொன்று அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

டெராசைக்கிள் என்பது பெயர். வெளிச்சுவர் முழுவதும் இளைஞர்கள் வர்ணம் விசிறி வரைந்த சித்திரங்கள். உள்ளே சோடாப் போத்தல்களால் தடுப்புகள், பழைய கதவுகளால் மேசைகள்.

தொடக்கம் மண்புழுதான். 2001 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் டொம் சாக்கி, உணவுக் கழிவைப் புழுக்களுக்குக் கொடுத்து, அவற்றின் எச்சத்தைத் திரவ உரமாக்கினார். அடைத்தது பாவித்த சோடாப் போத்தல்களில். வெறும் போத்தலை வீசாத எமது அம்மாமாருக்கு இதில் அதிசயமில்லை. அந்தக் கோலத்திலேயே அமெரிக்காவின் பெரிய கடைகளுக்குள் அது போனதுதான் புதினம்.

பிறகு யாரும் தொடாத கழிவுகளிடம் வந்தார்கள். சிறுவர் குடிக்கும் பழச்சாற்றுப் பையை எடுங்கள். பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் தாள்தாளாக ஒட்டியிருக்கும். பிரிக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையை விட அதிகம். ஆகவே பிரிக்காமலே தோள்பைகளாகவும் பென்சில் பைகளாகவும் தைத்தார்கள். சிகரெட் அடிக்கட்டையின் பஞ்சு போன்ற பகுதியும் ஒருவகைப் பிளாஸ்ரிக்தான். 2012 இல் கனடாவில் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினர். தாளும் புகையிலையும் உரமாகின்றன. மிகுதி உருகி, சாமான் அடுக்கும் தட்டுகளாகிறது. பல்துலக்கி, பேனை, சப்பித் துப்பிய சுயிங்கம் என்று பட்டியல் நீள்கிறது.

இதற்கெல்லாம் பணம்? பெரும்பாலும் அப்பொருட்களைச் செய்யும் கம்பனிகளே கொடுக்கின்றன. சில கழிவுகளுக்கு நாமே காசு கொடுத்துப் பெட்டி வாங்கி நிரப்பி அனுப்ப வேண்டும். 'மீள்சுழற்சி செய்ய முடியாது' என்று பைக்கற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் 'கட்டுப்படியாகாது' என்பதன் மறுபெயரே என்று அங்கே புரிந்தது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, சகோதரிகளே. பணம் தரும் கம்பனி அளவு வைத்தால், சேர்க்க விரும்புவோர் வரிசையில் காத்திருக்க வேண்டும். உறையில் அச்சிட்ட வாக்குறுதி மட்டும் எல்லோருக்கும் போகும். 2021 இல் கலிபோர்னியாவில் ஒரு சூழல் அமைப்பு இதற்காக வழக்குத் தொடுத்தது, அவ்வாண்டிலேயே சமரசமானது. வழக்குப் போட்டது நியாயமென்றே நினைக்கிறேன். ஷாம்புவைச் சிறு பைக்கற்றில் வாங்கிப் பழகிய எமது நாடு, 2021 இல் 20 மில்லிலீற்றருக்குக் குறைந்த அத்தகைய பைக்கற்றுகளைத் தடைசெய்தது. அந்த வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

டெராசைக்கிளும் 2019 இல் 'லூப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐஸ்கிறீம் உருக்குப் பாத்திரத்தில் வந்தது; சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புப் பணம் கைக்கு வந்தது, கழுவி மறுபடி நிரப்பினார்கள். சோடாப் போத்தலைக் கடையில் கொடுத்துச் சில்லறை வாங்கிய காலம் நினைவிருக்கிறதா?