கடலுக்குத் தனி டைம்டேபிள்

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் சொல்லித்தருகிறது. இப்படிப்பட்ட பாடத்தின் கரையோரச் செய்முறை வகுப்பை 'செவ்வாய்தோறும் பத்து மணி' என்று செமஸ்டர் முழுக்கக் கட்டிப்போடுவதில் அர்த்தமில்லை. கடல் வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் செவ்வாய் பத்து மணிக்கு வற்று என்றால், அடுத்த செவ்வாய் அதே நேரத்தில் கிட்டத்தட்ட முழு ஏற்றம். பாறையும் பவளமும் தண்ணீருக்கடியில் கிடக்கும். கரை நன்றாக வெளிப்படுவதோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான்.

கிரெடிட் கணக்கு குழம்பும், மற்ற பாடங்களோடு மோதும் என்பார்கள். கிரெடிட் கேட்பது மொத்த மணிநேரத்தை, கிழமையை அல்ல. மோதலும் பெரிய சிக்கலில்லை: இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணை முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது, அதைப் பார்த்தே செமஸ்டரைத் திட்டமிடலாம். விரிவுரைகளைத்தான் நகர்த்த வேண்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு, அவற்றை இணையவழியில் எந்த நேரத்துக்கும் மாற்றலாம். வற்றை மாற்ற முடியாது.