பாட்டு தெரியும், பேர் தெரியாது

'வித்தவுட் யூ' என்ற ஆங்கிலப் பாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலப் பாட்டே கேட்காதவர்கள்கூட ஏதாவது ஹோட்டல் லிஃப்டிலோ டிவி பாட்டுப் போட்டியிலோ கேட்டிருப்பீர்கள். யார் பாட்டு அது என்று என் மகளைக் கேட்டால் மரையா கேரி என்பாள். அவள் தலைமுறைக்கு அது 1994-ல் வந்த பாட்டு. என் வயசுக்காரர்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஹாரி நில்சன் என்பார்கள். 1972-ல் அமெரிக்காவில் நான்கு வாரம், இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது அவர் பாடியது. இரண்டு பதிலும் சரிதான். பாடியவர்கள் அவர்கள். எழுதியவர்கள் வேறு இரண்டு பேர்: பீட் ஹாம், டாம் எவன்ஸ். பேட்ஃபிங்கர் என்ற குழுவைச் சேர்ந்தவர்கள்.

"யாரு?" என்றுதானே கேட்கிறீர்கள்? ஐம்பது வருஷமாக நான் கேட்டுப் பழகிய கேள்விதான்.

எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன் பற்றிய பதிவுகளுக்காக இந்தப் பக்கம் வருகிறவர்கள் இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். வி. குமார் போட்ட மெட்டைக் கேட்டுவிட்டு "ஆஹா, எம்.எஸ்.வி. எம்.எஸ்.வி.தான்" என்று யாராவது சொல்லும்போது உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருமே, அதே வியாதி எனக்கு இங்கிலாந்து விஷயத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

1973-ல் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபோதுதான் இந்தப் பெயரை முதலில் பார்த்தேன். அறைத்தோழனின் அண்ணன் கப்பலில் ரேடியோ ஆபீசர். அவர் ஒரு தடவை ஒரு பெட்டி கொண்டுவந்தார். மூன்று இசைத்தட்டுகள், கூடவே படம் போட்ட புத்தகம். பங்களாதேஷ் அகதிகளுக்காக 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த கச்சேரி. ரவிசங்கர் கேட்டு ஜார்ஜ் ஹாரிசன் நடத்தியது. முதல் தட்டில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும். அவர்கள் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டியதாம். "இதையே இவ்வளவு ரசிக்கிறீர்களே, கச்சேரியையும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்கிற மாதிரி ரவிசங்கர் ஏதோ சொல்வார். விடுதியில் அதை வைத்து நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் தட்டுகளில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் ஒரு கோரஸ், முன்னால் இரண்டே இரண்டு அகூஸ்டிக் கிடார். ஹாரிசன் தன்னுடைய 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டைப் பாடுவார். இரண்டாவது கிடார் பீட் ஹாம். ஒரு இடத்தில்கூட முந்தமாட்டார், பிந்தமாட்டார். நம்ம ஊர் நல்ல பக்கவாத்தியக்காரர் மாதிரி, பாடுகிறவர் மூச்சைப் பார்த்துக்கொண்டே வாசித்திருப்பார். யார் இந்த ஆள் என்று புத்தகத்தைப் புரட்டினோம். பேட்ஃபிங்கர் என்று போட்டிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேல்ஸில் ஸ்வான்சீ என்ற துறைமுக ஊர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐவி பிளேஸ் என்று ஒரு சின்னத் தெரு. அங்கே பழகிய பையன்கள் தங்கள் குழுவுக்கு 'ஐவீஸ்' என்று தெருவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். 1968-ல் பீட்டில்ஸ் ஆரம்பித்த ஆப்பிள் கம்பெனியில் ஒப்பந்தம் கிடைத்தது. பீட்டில்ஸின் உதவியாளர் மால் எவன்ஸ்தான் இவர்கள் டேப்பை விடாமல் எல்லோரிடமும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் பேர் பேட்ஃபிங்கர் ஆனது. பால் மெக்கார்ட்னி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார், 'கம் அண்ட் கெட் இட்'. பெரிய வெற்றி. அதுவே பெரிய சங்கடமும் ஆகிவிட்டது. "பீட்டில்ஸ் வீட்டுப் பிள்ளைகள்" என்ற முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சொந்தமாக எழுதி ஜெயித்ததையும் யாரும் சொந்தம் என்று நம்பமாட்டார்கள்.

'நோ மேட்டர் வாட்', 'டே ஆஃப்டர் டே', 'பேபி ப்ளூ' மூன்றும் பீட் ஹாம் எழுதியவை. மூன்றும் 1970-லிருந்து 72-க்குள். எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயசுகூட நிரம்பவில்லை.

'வித்தவுட் யூ' பிறந்த விதம் விசேஷமானது. பீட் ஹாமிடம் ஒரு பாட்டு இருந்தது. சரணம் பிரமாதம், பல்லவி சப்பென்று இருந்தது. டாம் எவன்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, அதற்குச் சரணம் அமையவில்லை. இரண்டையும் ஒட்டினார்கள். ஒட்டியதும் இது உலகத்தையே சுற்றும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 1970-ல் வந்த 'நோ டைஸ்' ஆல்பத்தில் பத்தோடு பதினொன்றாகப் போட்டார்கள், தனித்தட்டாகக்கூட விடவில்லை. ஹாரி நில்சன் இதை ஒரு விருந்தில் கேட்டு பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். தேடிப்பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்ததாம்.

நில்சன் பாடியது பெரிய சாதனை, மறுக்கவில்லை. தனியாகப் பியானோவில் தொடங்கி, வயலின்கள் சேர, உச்சத்தில் தொண்டை கிழியும். மரையா கேரி அதற்கும் மேலே போனார். எனக்கு என்னவோ பேட்ஃபிங்கரின் மூலப் பாட்டுத்தான் பிடிக்கும். அதில் அழுகை இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறவன் மாதிரி இருக்கும். வீட்டில் இதைச் சொன்னால், "உங்களுக்குக் கத்தாமல் இருந்தால் எதுவும் பிடிக்கும்" என்கிறாள் என் மனைவி.

இனி வருவது கணக்கு. முப்பத்தி நான்கு வருஷம் தணிக்கை வேலை பார்த்தவன், இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது.

1970-ல் குழுவின் வரவு செலவைக் கவனிக்க நியூயார்க்கிலிருந்து ஒரு மேலாளர் வந்தார். பெயர் ஸ்டான் பாலி. (தமிழில் 'பாலி' என்று எழுதுவதா 'போலி' என்று எழுதுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.) எல்லா வருமானமும் அவர் அமைத்த கம்பெனிக்குப் போகும், நால்வருக்கும் சம்பளம் வரும். அதுதான் ஏற்பாடு. 1970 டிசம்பரிலிருந்து 1971 அக்டோபர் வரைக்குமான ஒரு கணக்கு அறிக்கை பிற்பாடு வெளியே வந்தது. அதில் ஜோயி மோலண்டுக்கு 8,339 டாலர். டாம் எவன்ஸுக்கு 6,861. டிரம்ஸ் வாசித்த மைக் கிப்பின்ஸுக்கு 6,211. பீட் ஹாமுக்கு 5,959. மேலாளர் கமிஷன் 75,744.

இரண்டு விஷயம் பாருங்கள். நால்வருக்கும் கொடுத்ததைக் கூட்டினால் 27,370. கமிஷன் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடுத்தது, குழுவின் முக்கியமான பாட்டாசிரியர் யாரோ, அவருக்குத்தான் நால்வரில் குறைந்த தொகை. என் மேஜைக்கு இப்படி ஒரு அறிக்கை வந்திருந்தால் அன்று மதியம் நான் சாப்பாட்டுக்குப் போயிருக்கமாட்டேன்.

பிறகு வார்னர் கம்பெனிக்கு மாறினார்கள். முன்பணத்தில் ஒரு லட்சம் டாலரை இரு தரப்பும் பார்க்கக்கூடிய கணக்கில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கணக்கு எங்கே என்று வார்னர் கேட்டது. பதில் இல்லை. 1974 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். அப்போதுதான் 'விஷ் யூ வேர் ஹியர்' என்ற ஆல்பம் வெளிவந்து சில வாரங்கள் ஆகியிருந்தது. (அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் பிங்க் ஃபிளாய்ட் என்பார்கள். அது அடுத்த வருஷம் வந்தது. பெயரில்கூட இவர்களுக்கு அதிர்ஷ்டமில்லை.) ரசிகர்களில் பாதிப் பேர் அதுதான் அவர்களுடைய சிறந்த ஆல்பம் என்போம். வழக்கைக் காரணம் காட்டிக் கடைகளிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சம்பளமும் நின்றது. பீட் ஹாம் புதிதாக வீடு வாங்கியிருந்தார். துணைவி கர்ப்பமாக இருந்தார்.

1975 ஏப்ரல் 24 அன்று பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று நாள் இருந்திருந்தால் 28 வயசு நிறைந்திருக்கும். அடுத்த மாதம் மகள் பிறந்தாள். 1983 நவம்பரில் டாம் எவன்ஸும் அதே வழியில் போனார். அப்போதும் பேச்சு 'வித்தவுட் யூ' பணத்தைப் பற்றித்தான் இருந்தது.

இதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை. பேட்ஃபிங்கர் பற்றி யார் எழுதினாலும் இந்த இரண்டு சாவில் ஆரம்பித்து இந்த இரண்டு சாவில்தான் முடிக்கிறார்கள். "ராக் இசையின் மிகச் சோகமான கதை" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். படிக்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். பாட்டைக் கேட்பதில்லை. ரசிகர்களுக்கு இதில்தான் ஆதங்கம். பீட் ஹாமின் பாட்டுகள் சோகப் பாட்டுகளே அல்ல. 'நோ மேட்டர் வாட்' கேளுங்கள். முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பார்கள். அது சந்தோஷமாக இருக்கிறவன் செய்கிற குறும்பு.

அதனால் பேட்ஃபிங்கர் ரசிகர்களின் வேலை கொஞ்சம் விநோதமானது. மற்ற குழுக்களின் ரசிகர்கள் கச்சேரிக்குப் போவார்கள், சட்டை வாங்குவார்கள். இவர்கள் திருத்தம் சொல்வார்கள். கல்யாண வீட்டில் யாராவது கிடாருடன் அந்தப் பாட்டை ஆரம்பித்தால், முடிந்ததும் பக்கத்தில் போய், "எழுதினது யார் தெரியுமா?" என்பார்கள். நானும் அப்படி ஆள்தான். டான் மேட்டோவினா என்ற அமெரிக்கர் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தார். கணக்குகள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் தோண்டி 1997-ல் கனமான புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதே வருஷம், பீட் ஹாம் வீட்டில் தனியாக உட்கார்ந்து டேப்பில் பதிந்து வைத்திருந்த பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பும் வந்தது. பெயர் '7 பார்க் அவென்யூ'. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் குழுவினர் சேர்ந்து வசித்த வீட்டு முகவரி. டேப்பின் 'உஸ்' சத்தத்துக்கு நடுவே ஒரு மனுஷன் யாருக்கும் இல்லாமல் பாடுகிறார். இருபத்தி இரண்டு வருஷம் கழித்துக் கேட்கக் கிடைத்தது. நான் அதை மகளிடம் சொல்லி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.

2013 இவர்களுக்கு நல்ல வருஷம். ஏப்ரல் 27, பீட் ஹாமின் பிறந்த நாளில், ஸ்வான்சீ ஐவி பிளேஸில் அவர் பெயருக்கு நீல நினைவுப் பலகை வைத்தார்கள். மகளும் வந்திருந்தார். செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிக் காட்சியில் 'பேபி ப்ளூ' ஒலித்தது. ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான பிள்ளைகள் "இது யார்?" என்று தேடினார்கள். நாற்பது வருஷமாக நாங்கள் ஆளுக்கு ஆள் காதில் ஓதியதை டிவிக்காரர்கள் இரண்டு நிமிஷத்தில் செய்துவிட்டார்கள். 1972-ல் இங்கிலாந்தில் தனித்தட்டாக வெளிவராத அந்தப் பாட்டு அப்போதுதான் அங்கே விற்பனைப் பட்டியலில் ஏறியது. அந்தத் தொடரை நான் பார்க்கவில்லை. ஏதோ போதை மருந்துக் கதையாம். கடைசி இரண்டு நிமிஷத்தை மட்டும் மருமகன் போட்டுக் காட்டினார்.

இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருநாள் ஸ்வான்சீக்கு ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஐவி பிளேஸ் நிலையத்தை ஒட்டியே இருப்பதால் தேட வேண்டியதில்லை. வட்டமான நீலப் பலகை. பார்க்க வேறொன்றும் இல்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டி இழுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். குடையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்க்கும் இந்தியக் கிழவனைப் பார்த்து ஒரு அம்மாள் நின்றார். "இவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். இந்தியாவில் ஐம்பது வருஷமாகத் தெரியும் என்றேன். அவருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது, இந்த ஊர்க்காரர் எழுதியது என்பது பலகை வந்த பிறகுதான் தெரியுமாம். இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை பலகையைப் படித்தோம். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

கேட்டுப்பார்க்க நினைக்கிறவர்கள் 'வித்தவுட் யூ'வில் ஆரம்பிக்க வேண்டாம், அது ஏற்கெனவே காதில் தேய்ந்த பாட்டு. 1971-ல் வந்த 'ஸ்ட்ரெயிட் அப்' ஆல்பத்தில் 'டே ஆஃப்டர் டே' போடுங்கள். ஜார்ஜ் ஹாரிசன் தயாரித்த பாட்டு. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. நடுவில் இழைந்து வருகிற ஸ்லைடு கிடார் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஹாரிசன், மற்றது பீட் ஹாம். எது யாருடையது என்று என்னால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. உங்களில் யாருக்காவது பிடிபட்டால் சொல்லுங்கள்.